‘நடத்தை சரியில்லை’ என்பதை மனுவில் எழுதுவது எப்படி?

மனு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லைக் கையோடு கொண்டு வருவார்கள். “ஏனுங்க டீச்சர், அவன் ஒழுக்கங்கெட்டவன்னு நல்லா நாலு வரி எழுதிக் குடுங்க” என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் உட்காருவார்கள். நான் உடனே பேனாவை எடுக்க மாட்டேன். சொம்பில் தண்ணீர் கொடுப்பேன். குடித்து முடித்ததும் ஒரே கேள்வி: “என்ன பண்ணினாருங்க?”

கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான் எங்கள் வீடு. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் 31 வருடம் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனு எழுதும் வேலை அப்புறம் தானாக வந்து சேர்ந்தது. இங்கே வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், வில்லேஜ் ஆபீஸுக்குள் கால் வைத்தால் மலையாளம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு நாம் தமிழிலேயே எழுதலாம்; பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காகவே மனு கொடுக்காமல் விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படி விடாதீர்கள், தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். நீங்கள் எழுதும் சொல் வேறொரு மொழிக்காரர் மேஜையில் போய் விழும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஒருவர் செய்யக்கூடாததைச் செய்தார் என்று சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தப்பு, தவறு, முறைகேடு, ஒழுங்கீனம், அத்துமீறல், அக்கிரமம், ஒழுக்கக்கேடு. பேச்சில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பேசிவிடலாம். முகத்தைப் பார்த்தே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். காகிதத்துக்கு முகம் கிடையாது.

இதில் மிகக் கனமான சொல் ஒழுக்கக்கேடு. அதனால் முதலில் அதைப் பார்ப்போம். ஒழுகு என்பது வேர். கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அதே ஒழுகு. சித்தூர்ப் புழையில் மழைக்காலத்தில் குளிக்க இறங்கினால் மலையாளப் பிள்ளைகள் “நல்ல ஒழுக்கு” என்பார்கள். ஓட்டம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். ஓர் ஆள் நாள்தோறும், வருடக்கணக்காக, எந்த வழியில் ஓடிக்கொண்டிருக்கிறாரோ அது அவருடைய ஒழுக்கம். ஒரு நாள் செய்த காரியத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. ஆகவே ஒருவர்மேல் ஒழுக்கக்கேடு என்று எழுதும்போது, அவருடைய ஓட்டமே கெட்டுப்போய்விட்டது என்று எழுதுகிறீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் உங்களிடம் கத்தியது அதில் அடங்காது.

திருக்குறளில் 14-ஆவது அதிகாரம் ஒழுக்கமுடைமை. அங்கே ஒழுக்கத்துக்கு எதிராக வரும் சொல் இழுக்கம். வேறோர் இடத்தில் இழுக்கல் என்று வழுக்கு நிலத்தைச் சொல்கிறார் வள்ளுவர். வழுக்கி விழுவது யாருக்கும் நடக்கும், விழுந்தவர் எழுந்திருப்பார். கேடு என்று எழுதும்போது எழுந்திருக்க இடமே வைக்காமல் எழுதுகிறோம். இதை 31 வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். ஆனாலும் நானே தவறு செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

11 வருடத்துக்கு முன்பு, மூன்று மாடு வைத்திருந்த ஒரு பெரியவர் வந்தார். பால் சொசைட்டியில் பால் அளந்து சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் பெண்மேல் அவருக்குக் கோபம். காலையில் கொழுப்பு 4.1 என்று வந்த பால் சாயங்காலம் 3.2 என்று வந்திருக்கிறது. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடைவெளி குறைவு என்பதால் சாயங்காலப் பாலில்தான் கொழுப்பு வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். இவர் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். வரிசையில் பத்துப் பேர் நிற்க, அந்தப் பெண் “தண்ணி ஊத்தினா இப்படித்தானுங்க வரும்” என்று சொல்லிவிட்டாள். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தப் புள்ள நடத்தை செரியில்லீங்க டீச்சர். அதை எழுதுங்க.”

அவர் சொன்ன நடத்தை வேறு. மனுசரிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னார். நானோ மனு கம்பீரமாக இருக்கட்டும் என்று, “சோதனை செய்பவரின் நடத்தை மிகவும் ஒழுக்கக்கேடாக உள்ளது” என்று எழுதினேன். எழுதிவிட்டு வாக்கியம் நன்றாக அமைந்தது என்று சந்தோஷம் வேறு.

மனு ஓர் அலுவலகத்துக்குப் போனது. மேலே அனுப்புவதற்காக யாரோ அதை மலையாளத்தில் சுருக்கி எழுதினார்கள். அதில் என்னுடைய வாக்கியம் ‘துர்நடப்பு’ என்று ஆகிவிட்டது. அந்தச் சொல்லை மலையாளத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவளுடைய கற்பைப் பற்றித்தான் பேச்சு. விசாரிக்க வந்தவர் பால் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில், அந்தப் பெண் யாரோடு பேசுவாள், வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அவளுடைய வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஒரு நாள் காலை அவள் என் திண்ணைக்கு வந்தாள். கையில் மனுவின் நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் எழுதிய அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்: “ஆறாம் வகுப்புல நீங்கதானுங்க டீச்சர் எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தீங்க. இதுக்கு என்ன அர்த்தமுங்க?”

அன்றைக்கே பெரியவரைக் கூட்டி வந்தேன். அவருக்கு விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நான் அப்படிச் சொல்லலீங்களே, என் பேத்தி வயசுங்க அது” என்றார். இரண்டாவது மனு எழுதினோம். முதல் மனுவில் உள்ள அந்த வாக்கியம் மனுதாரர் சொன்னதல்ல, எழுதியவர் போட்டது, அது நீக்கப்பட வேண்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதினோம்:

“14-ஆம் தேதி மாலை 5 மணிக்கு 6 லிட்டர் பால் ஊற்றினேன். சீட்டில் கொழுப்பு 3.2 என்று பதிவாகியுள்ளது. அன்று காலை அதே மாடுகளின் பாலுக்கு 4.1. மறுசோதனை கேட்டேன், செய்யவில்லை. தண்ணீர் கலந்ததாகப் பத்துப் பேர் முன்னிலையில் என்னைச் சொன்னார். என் முன்னிலையில் பாலைச் சோதித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சீட்டுகளின் நகலும் இணைத்துள்ளேன்.”

இப்போது சோதிக்க வந்தவர்கள் பாலைச் சோதித்தார்கள். கேனில் கொஞ்ச நேரம் நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். நன்றாகக் கலக்காமல் அடியில் எடுத்த சாம்பிளில் அளவு குறைந்துதான் காட்டும். நடந்தது அவ்வளவுதான். அந்தப் பெண் பெரியவரிடம் வருத்தம் சொன்னாள், அவரும் சொன்னார். கோப்பில் இருந்த சொல்லை அடித்துவிட்டார்கள். தெருவில் இருந்த சொல் போக வெகுநாள் ஆனது.

ஆகவே மனு எழுதும்போது முதலில் நடந்ததை எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே. இதை எழுதி முடித்த பிறகு, இந்தச் செய்கைக்கு என்ன பெயர் என்று யோசியுங்கள். பல மனுக்களில் பெயர் வைக்கத் தேவையே இருக்காது. தேவைப்பட்டால் செய்கையின் அளவுக்குச் சொல்லைத் தேடுங்கள்.

கணக்கு தெரியாமல் தப்பிப்போனால் தவறு அல்லது பிழை. விதியை மீறி, ஒருவருக்குச் சாதகமாக வரிசையை மாற்றிப் பட்டியல் போட்டால் முறைகேடு. பொதுப் பணத்தைத் தன் பையில் போட்டால் கையாடல். அதையும் தொகை தெரிந்தால் மட்டும் எழுதுங்கள், தொகையோடு எழுதுங்கள். வேலைக்கு நேரத்துக்கு வராதது, மேலதிகாரி சொல் கேட்காதது, குடித்துவிட்டு வந்தது எல்லாம் ஒழுங்கீனம். ஒழுங்கு, ஈனம் இரண்டும் சேர்ந்த சொல் அது. ஈனம் என்றால் குறைவு. ஒழுங்கு வேலை இடத்தின் விதி சம்பந்தப்பட்டது, ஒழுக்கம் ஆளின் வாழ்க்கை சம்பந்தப்பட்டது. எழுத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆளின் மானம் நிற்கிறது.

எழுத்துப் பிழையும் வேண்டாம். ஒழுக்கக்கேடு என்பதில் நடுவில் க் உண்டு. முறைகேடு என்பதில் க் இல்லை. ‘ஒழுக்கங்கெட்ட’ என்பது வசவு. அதை மனுவில் எழுதவே கூடாது, படிக்கும் அதிகாரிக்கு உங்கள்மேல்தான் சந்தேகம் வரும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆணைத் திட்டும்போது குடிகாரன், ஏமாத்துக்காரன், போக்கிரி என்று அவன் செய்ததைச் சொல்லித் திட்டுகிறோம். நடத்தை கெட்டவன் என்று ஒருவனைச் சொல்லி இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. நடத்தை கெட்டவள் என்பது மட்டும் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. ரேஷன் கடையில் அளவு குறைத்தவர் ஆணாக இருந்தால் திருடன். பெண்ணாக இருந்தால் பேச்சு எப்படியோ அவள் சேலைக்கும் போனுக்கும் போய்விடுகிறது. அதனால் ஒரு பெண்மேல் மனு எழுதும்போது நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அவள் இடத்தில் ஓர் ஆண் இதையே செய்திருந்தால் இதே சொல்லைப் போடுவேனா? போட மாட்டேன் என்றால் அந்தச் சொல் வேண்டாம்.

இனி மலையாள மேஜை. நம் ஊர் எல்லையில் இருப்பதால் இது நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள சிக்கல்; கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. தமிழில் அக்கிரமம் என்றால் பெரிய அநியாயம். மலையாளத்தில் அக்ரமம் என்றால் அடிதடி, வன்முறை. “சொசைட்டியில் அக்கிரமம் நடக்கிறது” என்று எழுதினால் யார் யாரை அடித்தார்கள் என்றுதான் கேட்பார்கள். முறைகேடு என்று எழுதுங்கள். அதற்கு நேர்ச்சொல் அங்கே கிரமக்கேடு, பத்திரிகையில் தினமும் வருவது, சந்தேகமே வராது. லஞ்சம், ஊழலுக்கு அவர்கள் சொல் அழிமதி. மோசடி என்று நாம் எழுதுவதை மோஷணம் என்று படித்துவிட்டால் அது திருட்டு.

தான்தோன்றித்தனம் என்று நாம் சொல்வதற்கு அவர்கள் தோந்யாசம் என்பார்கள். தோன்றினபடி நடப்பது என்ற அர்த்தம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஒருவர் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார் என்பதை மலையாளத்தில் ‘மோசமாயி பெருமாறி’ என்பார்கள். பெருமாற்றம் அங்கே நடந்துகொள்ளும் விதம். நம் காதில் பெரிய மாற்றம் என்று விழும். அந்தப் பெரியவர் சொன்னதற்குச் சரியான மலையாளம் இதுதான், எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. அநாசாஸ்யம் என்ற சொல்லும் உண்டு. பார்த்தால் ‘விரும்பத் தகாதது’ என்று சாதுவாகத் தெரியும். ஆனால் கேரளப் பத்திரிகைகளில் அது பெரும்பாலும் விபசார வழக்குச் செய்தியில் வருகிற சொல். நீங்கள் கொடுத்த மனுவின் மலையாளச் சுருக்கத்தில் துர்நடப்பு, அநாசாஸ்யம் என்ற இரண்டில் ஒன்று இருந்தால், நீங்கள் சொன்னது அதுதானா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் படித்துவிடுவார்கள்.

இதுவரை சொல்லைக் குறைக்கச் சொன்னேன். ஓரிடத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண் வந்தாள். 22 வயது இருக்கும். “சூப்பர்வைசர் தப்பா நடந்துக்கறாருங்க டீச்சர்” என்றாள், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தப்பாக நடந்தார், தகாத முறையில் நடந்தார் என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது; திட்டினாரா, சம்பளம் பிடித்தாரா, தொட்டாரா? அதே மாதிரி ஒழுக்கக்கேடு என்று எழுதுவதும் இங்கே ஆபத்து. அந்தச் சொல் செய்தவரையும் செய்யப்பட்டவரையும் பிரித்துக் காட்டாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ நடந்தது என்று ஆகி, அவளையும் சேர்த்துச் சேற்றில் இழுத்துவிடும். இங்கே போட வேண்டிய சொல் அத்துமீறல். அத்து என்றால் எல்லை. எல்லை யாருடையது, தாண்டியது யார் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். சட்டத்தின் பெயரில் உள்ள சொல் பாலியல் துன்புறுத்தல்; அதையும் கூச்சப்படாமல் எழுதலாம்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார வைத்து, மெதுவாகக் கேட்டேன். ஒவ்வொரு வரியாக வந்தது. “நான் எடை போடும் மேஜையில் நிற்கும்போது பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். விலகி நின்றேன். மறுநாளும் அப்படியே செய்தார். வேண்டாம் என்று சொன்னேன். அதன் பிறகு எனக்கு ஓவர்டைம் தருவதில்லை.” இதை எழுதும்போது அவளுக்குக் கை நடுங்கியது. எழுதி முடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தொடுவது, பாலியல் தொனியில் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது என்று செய்கை செய்கையாகத்தான் எழுதியிருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவர்களுக்கு எழுத உதவுவது அந்தக் குழுவின் கடமை என்றும் சட்டத்தில் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கிடைக்காவிட்டாலும் நேராகப் போகலாம்.

அவதூறு வழக்குப் போடுவார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்ற விலக்கு முன்பும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஆனால் அதே மனுவைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் யாரும் விசாரிக்கும் அதிகாரிகள் இல்லை. விலக்கை நம்பி அங்கே நிற்க முடியாது.

மனுவை எழுதி முடித்ததும் கொடுப்பவரே ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன், அவசரப்படாமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. இரண்டு நகல் வேண்டும், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும், கோப்பு எண் குறித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

படித்துக் காட்டும்போது முகத்தைப் பார்ப்பேன். கோபத்தில் சொன்ன ஏதோ ஒரு சொல் வரும்போது சிலர் கையைத் தூக்குவார்கள். “அது மட்டும் வேண்டாங்க டீச்சர், அடிச்சுருங்க” என்பார்கள். ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அவர்களுடைய சுருக்கொப்பத்தை வாங்கிக்கொள்வேன். காகிதத்தை மாற்றி எழுத மாட்டேன். அடித்தது யார் என்பதும் அந்த மனுவில் இருக்கட்டும்.